நாலு கறுப்பு வயரும் ஒரு நாள் கொழுந்தும்

மோட்டருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படித்து வந்தவள் இல்லை. ஹட்டனில் ஒரு மோட்டர் கடையில் கூட்டிப் பெருக்கி டீ ஊற்றச் சேர்ந்தேன். எரிந்த மோட்டர்களை அவிழ்த்துப் பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டேன். அதே கடையில் தலைமை வைண்டராக இருந்து ஓய்வு பெற்றேன். ஸ்டோர் என்று நாம் சொல்லும் நம் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில், கொழுந்தை உருட்டும் ரோலர், ஃபேன் மோட்டர்களில் என் கை படாதது குறைவு. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமை கூடாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் ஒரு மோட்டரையாவது முழுதாகச் சுற்றி முடித்து, அது ஓடுவதைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியின் கனம், சுற்றின் எண்ணிக்கை எல்லாம் உங்களுக்குப் போனிலேயே கிடைக்கிறது. அதைச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு எப்போதும் ஆட்கள் பேசியதுதான் மனதில் நிற்கும். கடை முதலாளி ஒரு வார்த்தை வைத்திருந்தார். சுற்றி முடித்த மோட்டருக்குக் கரண்ட் கொடுக்க நான் ஸ்விட்சில் கை வைத்தால் போதும், கடையின் எந்த மூலையில் இருந்தாலும் அவர் குரல் வரும். "என்னா புள்ள, கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சிட்டியா?" மோட்டரிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறார். இன்றைக்குச் சொல்லப்போகும் விஷயம் முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதுதான்.

மஸ்கெலியா போகும் பாதையில் ஒரு ஸ்டோர். அங்கே தேயிலையைக் காய வைக்கும் டிரையருக்குள் போகும் சூட்டுக் காற்றுக்கு ஒரு தகட்டு வாசல் உண்டு, டாம்பர் என்பார்கள். முன்பெல்லாம் ஆள் கையால் திறந்து மூடுவார்கள். பிறகு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து அதற்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டர் பூட்டிவிட்டுப் போனார்கள். சூடு கூடினால் மோட்டர் வாசலைக் கொஞ்சம் சாத்தும், குறைந்தால் கொஞ்சம் திறக்கும்.

ஸ்டெப்பர் மற்ற மோட்டர் மாதிரி கரண்ட் கொடுத்தவுடன் ஓடிவிடாது. அதற்குள் இரண்டு தனித்தனிச் சுற்று இருக்கும். டிரைவர் என்கிற ஒரு கார்டு, இந்தச் சுற்றுக்கும் அந்தச் சுற்றுக்கும் மாறி மாறிக் கரண்டைக் கொடுத்து, அடி அடியாக நடக்க வைக்கும். இரண்டு சுற்றுக்கும் இரண்டிரண்டு முனை, ஆக நாலு வயர். எந்த இரண்டு ஜோடி என்று தெரியாமல் மாட்டினால் அது நடக்காது, நடுங்கும்.

ஒரு நாள் காலையில் அந்த ஸ்டோரிலிருந்து தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் மோகன் போன் எடுத்தார். முப்பது வயது தாண்டிய மனிதர், இன்னும் நிரந்தரமாகாத பதில் டீமேக்கராகத்தான் இருந்தார். அதற்கு முந்தைய வாரம் சூடு எகிறி ஒரு பகுதித் தேயிலை கருகிப்போய், தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, இன்னொரு தரம் தேயிலை கெட்டால் பழையபடி உதவியாளாகப் போக வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். இது அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"அக்கா, டாம்பர் மோட்டர் நடுங்குது, திரும்ப மாட்டேங்குது. கொழும்பு ஆளுங்க நாளைக்குத்தான் வருவாங்களாம். தூள் எல்லாம் தரையில கிடக்குது."

"கரண்டை நிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அது... ஜெயபாலு இன்னும் வயரை மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"முதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க. நான் த்ரீவீல் எடுத்துட்டு வாரேன்."

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஜெயபாலன் ஸ்டோர் எலக்ட்ரீசியன், கெட்டிக்காரர். ஆனால் அவருடைய கை ரோலர் மோட்டரிலேயே பழகிய கை. ரோலர், ஃபேன் எல்லாம் மூன்று வயர் மோட்டர். எதிர்ப்பக்கம் சுற்றினால் எந்த இரண்டு வயரையும் மாற்றிப் போடலாம், நேராகிவிடும். நம் மலையில் இதை அறியாத எலக்ட்ரீசியன் கிடையாது. யோசிக்காமலே கை அதைச் செய்துவிடும். நடந்திருப்பது அதுதான் என்று எனக்கு அப்போதே ஓரளவு தெரிந்தது.

போய் இறங்கினேன். அதேதான். பழைய ஸ்டெப்பரின் பெயாரிங் போய், முதல் நாள் புதியது பூட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஜெயபாலன் தன் வழக்கப்படி இரண்டு வயரை மாற்றினார். அந்த இரண்டும் வேறு வேறு சுற்றைச் சேர்ந்தவை. மோட்டர் நடுங்கியது. அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டை மாற்றினார். ஆரம்பத்தில் எது எங்கே இருந்தது என்பதே போய்விட்டது. மோட்டரிலிருந்து கார்டு இருக்கும் பெனல் பெட்டி வரைக்கும் கொழும்பு ஆட்கள் நாலுக்கும் ஒரே கறுப்பு வயரைத்தான் இழுத்திருந்தார்கள், ஆகவே நிறத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. கடைசியில் நடுக்கமும் நின்றுபோயிருந்தது. கார்டில் விளக்கு எரியவில்லை.

"கார்டு போச்சு அக்கா," என்றார் ஜெயபாலன், என் முகத்தைப் பார்க்காமல்.

மோகன் ஒரு பெட்டியை நீட்டினார். "ஸ்பெயார் ஒண்ணு இருக்கு. இதைப் போட்டு ஓட விட்டுருவோம்."

"இன்னொண்ணு இருக்கா?"

"இது ஒண்ணுதான்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கீழே தரையில், உருட்டி முடித்த தூள் பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நேரத்துக்கு டிரையருக்குள் போகாவிட்டால் புளித்துப் போகும், பிறகு அதை எந்தத் தேயிலையோடும் சேர்க்க முடியாது. வெளியில் மழைக்கோணியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் பறித்த கொழுந்து. பக்கத்தில் ஒரு மனிதர், வேலை போகப்போகிறது என்ற முகத்தோடு, ஒரே ஒரு கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் கை எதைச் செய்யத் துடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் பெட்டியை வாங்கிப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"கார்டைக் கொன்னது எதுன்னு தெரியாம இதைப் போட்டா, இதுவும் போயிரும். முதல்ல தூளைப் பார்ப்போம். டாம்பரை யாரு முன்ன கையால பிடிச்சது?"

"நான்தான் தாயி," என்றது டிரையர் பக்கத்திலிருந்து ஒரு குரல். மாரிமுத்து அண்ணன், டிரையர்காரர். "மெசின் வந்ததிலிருந்து எனக்கு இங்க வேடிக்கை பாக்குற வேலைதான்."

மோட்டரையும் டாம்பர் தண்டையும் சேர்க்கும் இணைப்பைக் கழற்றச் சொன்னேன். தண்டு தனியாக வந்துவிட்டது. அதில் ஒரு ஸ்பெனரைப் பூட்டினோம். பழைய தெர்மோமீட்டர் டிரையர் கதவிலேயே இருந்தது, யாரும் கழற்றியிருக்கவில்லை. மாரிமுத்து அண்ணன் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஸ்பெனரைப் பிடித்தார்.

"எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?"

"சூடு கையைச் சுடுறவரைக்கும். அப்புறம் இவரு பிடிப்பாரு," என்று மோகனைக் காட்டினார். "பதவி போகுதுன்னு பயந்துக்கிட்டு நிக்கிறதுக்கு, இதைப் பிடிச்சா குளிராவது விடும்."

மோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் அவர் டீமேக்கராக யோசிக்க ஆரம்பித்தார். "தரையில உள்ள தூளை மெலிசாப் பரப்புங்க," என்று கத்தினார். "அடுத்த ரோலரை நான் சொல்றவரைக்கும் நிரப்ப வேணாம்." மெலிதாகப் பரப்பினால் தூளின் சூடு இறங்கும், கொஞ்ச நேரம் கிடைக்கும். அது எனக்குத் தெரியாத விஷயம், அவருக்குத் தெரிந்தது.

இதுதான் முதல் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெசின் நின்றால் எல்லோரும் மெசினைத்தான் பார்ப்பார்கள். மெசின் எதைக் காப்பாற்ற இருந்ததோ அதை வேறு வழியில் கொஞ்ச நேரம் காப்பாற்றிவிட்டால், மெசின் பக்கம் நிதானமாகத் திரும்பலாம்.

டிரையருக்குள் முதல் தட்டுத் தூள் போகத் தொடங்கியது. நானும் ஜெயபாலனும் மோட்டருக்கு வந்தோம். அவர் டிரையர் மேடை மேல் மோட்டர் பக்கத்தில், நான் கீழே பெனல் பக்கத்தில். நடுவில் டிரையர் சத்தம், பேசினால் கேட்காது.

நாலு வயரையும் கார்டிலிருந்து கழற்றினேன். "மோட்டர் தண்டை விரலால திருப்பிக்கிட்டே இருங்க ஜெயபாலு. இறுகுச்சுன்னா கையைத் தூக்குங்க."

"கரண்டே இல்லாம என்னா இறுகப்போகுது அக்கா?"

"திருப்புங்க, சொல்றேன்."

ஒரு வயரை எடுத்து இரண்டாவதோடு முறுக்கினேன். மேலே அவர் திருப்பிக்கொண்டே இருந்தார், ஒன்றும் இல்லை. பிரித்து, மூன்றாவதோடு முறுக்கினேன். அவருடைய விரல் நின்றது. இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கினார். பிறகு பொறுக்க முடியாமல் மேடையின் ஓரத்துக்கு வந்து குனிந்து சொன்னார்.

"உள்ளுக்குள்ள யாரோ பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கிற மாதிரி இருக்கு."

"அதுதான் ஜோடி."

ஒரே சுற்றின் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால், தண்டைத் திருப்பும்போது மோட்டர் தானே கரண்ட் உண்டாக்கித் தன்னையே பிடித்துக்கொள்ளும். வேறு வேறு சுற்றின் முனைகள் என்றால் ஒன்றும் நடக்காது. என் பையில் மீட்டர் இருந்தது, அதைப் போட்டாலும் ஜோடி தெரியும். ஆனால் விரலுக்குத் தெரிந்தது மனதுக்குப் போகிற மாதிரி, மீட்டரின் எண் போகாது. ஜெயபாலன் அன்றைக்குக் கற்றது அந்தப் பிடியில்தான். நீங்களும் ஒரு தரம் செய்து பாருங்கள், மறக்காது.

மீதி இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம், அதுவும் இறுகியது. எங்கள் கடை வழக்கப்படி முதல் ஜோடியின் இரண்டு வயரிலும் நூலால் ஒவ்வொரு முடிச்சு, அடுத்த ஜோடியில் இரண்டிரண்டு முடிச்சு போட்டேன். நிறம் அழுக்கில் மறைந்தாலும் முடிச்சைத் தடவிப் பார்த்தால் தெரியும்.

பிறகு மீட்டரை எடுத்தேன். சுற்றின் தடையை அளந்தேன், இரண்டு ஜோடியும் ஒரே அளவு காட்டின. மோகன் எட்டிப் பார்த்தார்.

"சரிதானே அக்கா? போடலாமா?"

"இன்னும் ஒண்ணு கேக்கணும்."

"யாருகிட்ட?"

"மோட்டர்கிட்டதான்." முதலாளியின் கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் பொறுமை எல்லையில் இருந்தார், பாவம். மேடையில் மாரிமுத்து அண்ணன் சாக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கேள்வி, சுற்று எங்காவது இரும்பு உடம்பைத் தொடுகிறதா என்பது. மீட்டரின் ஒரு முனையைப் பெனலின் இரும்பில் வைத்தேன், மறு முனையை ஒற்றை முடிச்சு ஜோடியில். சத்தமில்லை. இரட்டை முடிச்சு ஜோடியில் வைத்தேன். மீட்டர் கீச்சென்றது, நின்றது, மறுபடி கீச்சென்றது.

மோகன் மீட்டர் பக்கம் குனிந்தார். "மோட்டர் போச்சா?"

"அது இன்னும் தெரியாது. விட்டு விட்டுக் கேக்குது பாருங்க. டிரையர் ஆடுறப்போ தொடுது, இல்லன்னா விடுது."

மேலே ஏறி, மோட்டரின் வாயிலேயே இணைப்பை அவிழ்த்து, மோட்டரை மட்டும் தனியாகக் கேட்டேன். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. மோட்டர் சுத்தம். அப்படியானால் குற்றம் வழியில்தான். வயர் போன பாதையைத் தடவிக்கொண்டே போனோம். டிரையரின் பின்பக்கம், சூட்டுத் தகட்டின் விளிம்பில் வயர் படுத்திருந்தது. ஒரு வயரின் மேல்தோல் உருகி, செம்பு வெளியில் தெரிந்தது.

ஜெயபாலன் அதைப் பார்த்துவிட்டு நின்றார். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "அந்தப் பெட்டியை அப்பவே போட்டிருந்தா?" என்றார்.

நான் உருகிய வயரைக் கழற்ற ஆரம்பித்தேன். மோகன்தான் அவருக்குப் பதில் சொன்னார். "நான் இன்னைக்கு மூட்டை கட்டியிருப்பேன்."

புதிய வயர் இழுத்தோம், தகட்டுக்கு எட்டாத வழியில், இந்த முறை இரண்டு நிறத்தில். முடிச்சுகளையும் அதே ஜோடிக்குப் போட்டேன். மறுபடி இறுக்கம் பார்த்தோம், அளவு பார்த்தோம், இரும்பு பார்த்தோம். எல்லாம் சரி. பையிலிருந்து பெட்டியை எடுத்து மோகன் கையில் கொடுத்தேன். கார்டு ஏறியது. டாம்பரோடு சேர்க்காமல், மோட்டர் தண்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கரண்ட் கொடுத்தோம்.

கோடு அடி அடியாக, அழகாக நகர்ந்தது. எதிர்ப்பக்கம்.

ஜெயபாலனின் கை தானாக வயர் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. அந்தக் கை திரும்பிப் போய் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கியது. பிறகு நூலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒத்த முடிச்சு ரெண்டையும் மட்டும் இடம் மாத்தட்டுமா அக்கா? மத்த ஜோடியைத் தொட வேணாமே?"

நான் தலையசைத்தேன். என் வேலைக் காலத்தில் யார் யாரோ என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வி கொடுத்த சந்தோஷத்தை அவர்களில் ஒருவரும் கொடுத்ததில்லை.

ஸ்விட்சை ஏற்றினோம். கோடு நேர்ப்பக்கம் நகர்ந்தது. இணைப்பைப் பூட்டியதும் மாரிமுத்து அண்ணன் ஸ்பெனரை விட்டார். டாம்பர் கொஞ்சம் சாத்தியது, நின்றது, இம்மியளவு திறந்தது. அவர் தெர்மோமீட்டரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பிடிக்குது. என் அளவுக்கு இல்ல, ஆனா பரவால்ல."

பின்நேரம் பெரிய தொரை வந்தார். முதலில் கேட்டது, கார்டை எரித்தது யார் என்று. ஜெயபாலன் தலையைக் குனிந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். "வயர் உருகி இரும்புல பட்டிருந்தது, அதுவும் கார்டைக் கொல்லும். கரண்ட் இருக்கும்போது வயரைக் கழற்றினாலும் கொல்லும். இங்க ரெண்டும் நடந்திருக்கு சேர். எது கொன்னதுன்னு எனக்குத் தெரியாது." இது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி ஒருவரைக் காப்பாற்றவும் வேண்டாம், மாட்டிவிடவும் வேண்டாம். நம் மேசையில் இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டால், பிறகு நம் மீட்டரை யாரும் நம்ப மாட்டார்கள்.

தொரை மோகனைப் பார்த்தார். "தேயிலை?"

மோகன் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார். மாரிமுத்து அண்ணன் கையால் காய்ந்தது ஒரு பக்கம், மோட்டர் பிடித்துக் காய்ந்தது மறு பக்கம். தொரை ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போனார். கடைசிக் கோப்பை வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. தேயிலை ருசி பார்க்கிறவர் பேசாமல் போனால் குறை இல்லை என்று அர்த்தம். வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் கொழுந்து வருமில்ல, போய் வேலையைப் பாருங்க மோகன்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மாரிமுத்து அண்ணன் தன் பக்கத்துக் கோப்பைகளைக் காட்டி, "இதுலதான் மணம் இருக்கு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மோட்டர்களைச் சுற்றினேன். தூக்குவதற்கே நாலு பேர் வேண்டிய மோட்டரெல்லாம் உண்டு. ஆனாலும் என்னிடம் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், ஒரு கையில் அடங்குகிற அந்தச் சின்ன ஸ்டெப்பரைத்தான் சொல்வேன். அன்றைக்கு நான் ஒரு சுற்றும் சுற்றவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும்வரைக்கும் ஒரு பெட்டியைக் கொடுக்காமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதைச் செய்ய எனக்கு அத்தனை வருஷ வேலை தேவைப்பட்டது.

நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும்போது, போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. அதே ஸ்டோர், அதே குரல். இப்போது அவர் பதில் டீமேக்கர் இல்லை, நிரந்தரம்.

"அக்கா, டாம்பர் மோட்டர் சத்தம் மாறுது."

"கரண்டை நிப்பாட்டிட்டீங்களா?"

"நிப்பாட்டி, தண்டைக் கழற்றி, மாரிமுத்து அண்ணன் கையில ஸ்பெனரைக் கொடுத்துட்டோம். ஜெயபாலு முடிச்சைப் பார்த்து ஜோடியை இறுக்கிப் பார்த்துட்டாரு, அளவும் சரி, இரும்புலயும் படலை. பெயாரிங்தான் போலிருக்கு, வேற மோட்டர் பூட்டுறோம்."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

டிரையர் சத்தத்துக்கு மேலாக அவர் குரலை உயர்த்தினார்.

"கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சிட்டோம்னு சொல்லத்தான் அக்கா."